பல்லியம் (சங்க கால இசைக்குழு)

பல்லியம் என்பது பல இசைக்கருவிகள் ஒருங்கு கூடி ஒலிக்கும் இசையையும், அவ்விசையை எழுப்பும் குழுவையும் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் ஆகும். சங்க இலக்கியத்தில் பாணர், பொருநர், கூத்தர், விறலியர் ஆகியோர் அடங்கிய கூட்டங்கள் இவ்வகை இசையை ஊர் ஊராகச் சென்று நிகழ்த்தின. இத்தகைய குழு ஒன்றின் நிகழ்ச்சியைக் கருவி கருவியாக விவரிக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று கொல்லிமலையைச் சார்ந்தது. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் முன் ஒரு பாணர் குழு இசைத்ததை, வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாடல் கூறுகின்றது.

சிம்பொனி இசைக்குழுவைத் தமிழில் பல்லிய இசைக்குழு என்று குறிப்பிடும் வழக்கம் இக்காலத்தில் உண்டு. ஆயினும் பழைய பல்லியமும் ஐரோப்பிய இசைக்குழுவும் ஒன்றல்ல. பழைய பல்லியம் ஒரு சமூகத்தின் பிழைப்பாக இருந்தது. அச்சமூகத்தைக் காத்த புரவலர் மறைந்தபோது பெரும்பாலான கருவிகளும் மறைந்தன. சொல் மட்டும் எஞ்சியது.

பெயர்

பல் + இயம் எனப் பிரித்துப் பொருள் கொள்ளப்படும். இயம் என்பது இசைக்கருவி. இயம்புதல் என்னும் வினை ஒலித்தலைக் குறிக்கும். இசைக்கருவி வாசிப்போர் இயவர் எனப்பட்டனர். இனிய கருவிகளின் கூட்டொலி இன்னியம் எனப்பட்டது.

பல்லியத்தில் பெரியதும் சிறியதும் இருந்தன எனக் கருத இடமுண்டு. திருமுருகாற்றுப்படை முருகனைக் குறும்பல்லியத்தை உடையவன் என்கிறது. புறநானூற்றின் 64ஆம் பாடலை இயற்றியவர் பெயர் நெடும்பல்லியத்தனார். குறுந்தொகையின் 178ஆம் பாடலை இயற்றியவர் நெடும்பல்லியத்தை. பெரிய இசைக்குழுவோடு கொண்ட தொடர்பால் இப்பெயர்கள் அமைந்திருக்கலாம்.

கொல்லிமலையும் ஓரியும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சங்கப் பாடல்கள் இதன் பலா மரங்களையும், தேனையும், கொல்லிப்பாவை என்னும் அழகிய பாவையையும் பலமுறை குறிப்பிடுகின்றன.

இம்மலைக்குத் தலைவனாக இருந்த ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வில்லாற்றலால் வல்வில் ஓரி எனப்பட்டான். அவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றையும் ஊடுருவி, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தங்கியதாக 152ஆம் பாடல் தொடங்குகின்றது.

காட்டில் நிகழ்ந்த இசை

பாடலின் செய்தி வருமாறு. பாணர் குழு ஒன்று காட்டு வழியில் செல்கிறது. அங்கே வேட்டையாடிய ஒருவனைக் காண்கிறது. அவன் தோற்றம் சாதாரண வேடனுடையதாக இல்லை. மார்பில் ஆரம் அணிந்துள்ளான். இவன்தான் ஓரியோ, வேறு ஒருவனோ என்று குழுத் தலைவருக்கு ஐயம் எழுகிறது. எவனாயினும் பாடுவோம் என்று முடிவு செய்து, விறலியரை நோக்கி ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கட்டளை இடுகிறார். முழவில் மண் பூசச் சொல்கிறார். யாழில் பண்ணை நிறுத்தச் சொல்கிறார். தூம்பு, எல்லரி, ஆகுளி ஆகியவற்றைத் தொடங்கச் சொல்கிறார். பதலையின் ஒரு முகத்தை மட்டும் மெல்ல இயக்கச் சொல்கிறார். தம் கையில் கரிய கோலைத் தருமாறு கேட்கிறார்.

பின்னர் 21 துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, இறுதியில் 'கோ' என்று விளிக்கின்றனர். அச்சொல் தன்னைக் குறித்ததால் வேடன் நாணுகிறான். நாடு நாடாகச் சுற்றி வருகிறோம், உன்னைப் போன்ற வேட்டுவனைக் கண்டதில்லை என்று அவர்கள் கூறுகின்றனர். தமக்கு வேண்டியதைச் சொல்லவும் அவன் இடம் கொடுக்கவில்லை. தான் வேட்டையாடிய மானின் இறைச்சியையும், உருக்கிய நெய் போன்ற மதுவையும் அளிக்கிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் அங்கேயே கொடுக்கிறான்.

இப்பாடலில் மூன்று செய்திகள் இசை வரலாற்றுக்கு முதன்மையானவை. முதலாவது, இசைக்கும் முன் கருவிகளைச் சுருதிக்குக் கொண்டுவரும் பணி தெளிவாகச் சொல்லப்படுகின்றது. இரண்டாவது, ஒருவர் கட்டளை இட மற்றவர் இயக்கும் ஒழுங்கு காணப்படுகின்றது. மூன்றாவது, ஒவ்வொரு கருவியும் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்ற அளவும் குறிக்கப்படுகின்றது. பதலையை மெல்ல இயக்கச் சொன்னது இதற்குச் சான்று.

இசைக்கருவிகள்

152ஆம் பாடலில் இடம்பெறும் கருவிகள்:

* முழவு - தோற்கருவி. இதன் முகத்தில் மண் பூசி ஒலியைச் செம்மை செய்வர். இதனை மார்ச்சனை என்பர். தோலின் எடை கூடினால் அதிர்வு குறைந்து ஒலி தாழும் என்பது இதன் அடிப்படை. இன்றைய மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவைப் பசை அப்புவதும் இதே காரணத்திற்காகவே.
* யாழ் - நரம்புக்கருவி. வளைந்த கோடும், தோல் போர்த்திய பத்தரும், அவற்றிடையே கட்டிய நரம்புகளும் கொண்டது. பாணருள் சீறியாழ் வாசித்தோர் சிறுபாணர் எனவும், பேரியாழ் வாசித்தோர் பெரும்பாணர் எனவும் அழைக்கப்பட்டனர்.
* தூம்பு - துளைக்கருவி. நீண்ட வடிவத்தாலும் ஒலியாலும் யானையின் துதிக்கையோடு ஒப்பிடப்படுவது. களிற்றுயிர், நெடுவங்கியம் என்றும் பெயர் பெறும். குழாய் நீளமானால் ஒலி தாழும் என்பதால், இது குழுவில் தாழ்ந்த ஒலியைத் தந்திருக்க வேண்டும்.
* எல்லரி - உரையாசிரியர்கள் சல்லி எனப் பொருள் கொள்ளும் தோற்கருவி.
* ஆகுளி - சிறுபறை.
* பதலை - ஒரு முகத்தில் இயக்கப்படும் பெரிய தோற்கருவி.

ஆக ஒரு நரம்புக்கருவி, ஒரு துளைக்கருவி, நான்கு தோற்கருவிகள். இவற்றோடு மிடறு, அதாவது மனிதக் குரல் சேர்கின்றது. தாளத்திற்கான கஞ்சக்கருவி இப்பட்டியலில் இல்லை.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இதனைவிட விரிவான பட்டியலைத் தருகின்றது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகள் கொண்டது. கூத்தராற்றுப்படை என்றும் வழங்கும். இதன் தொடக்கத்தில் முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, நெடுந்தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை ஆகியவை வரிசையாகக் கூறப்படுகின்றன. பாண்டில் என்பது வெண்கலத்தை உருக்கித் தட்டிச் செய்த தாளம். கோடு என்பது மயிற்பீலி அணிந்த ஊதுகொம்பு.

குழுவின் அமைப்பு

மலைபடுகடாம் கருவிகளின் பெயரை மட்டும் சொல்லவில்லை. குழுவில் அவற்றின் பணியையும் சொல்கிறது. குறுந்தூம்பு இளி என்னும் சுரத்தை ஒலிக்கின்றது. இளி என்பது இன்றைய பஞ்சமத்திற்கு நிகரானது. குழல், பாடுவோரின் குரலை ஒட்டிச் செல்கின்றது. தட்டை நடுவே நின்று ஒலிக்கின்றது. பதலை கால அளவைக் காட்டுகின்றது. இவ்வாறு நிலைச்சுரம், பாட்டின் மெட்டு, இடை ஒலி, தாளம் என்ற பணிப் பகிர்வு பல்லியத்தில் இருந்துள்ளது.

குழுவில் ஆண்களும் பெண்களும் இருந்தனர். விறலியர் பாடவும் ஆடவும் வல்லவர்கள். 152ஆம் பாடலில் கருவிகளைச் சுருதி சேர்த்து இயக்குமாறு சொல்லப்படுவதும் அவர்களிடமே. பெண்கள் ஆடலுக்கு மட்டும் உரியவர்களாக இல்லை என்பது இதனால் விளங்கும். சுற்றம் முழுவதும் ஒன்றாகப் பயணம் செய்ததால், ஒரு பாணர் குழு என்பது இசைக்குழுவாகவும் குடும்பமாகவும் ஒருங்கே இருந்தது.

கருவிகளைப் பைகளில் இட்டு, இருபுறமும் எடை சமமாக இருக்கும்படி கட்டித் தூக்கிச் சென்றனர். மரத்தில் கொத்தாகக் காய்த்த பலாக்காய்களுக்கு அப்பைகளை மலைபடுகடாம் உவமை கூறுகின்றது. மலைப் பாதைகளில் நடந்தே சென்ற குழுவிற்குக் கருவியின் அளவும் எடையும் பெரிய கட்டுப்பாடாக இருந்திருக்கும்.

தாளக் கோவைகளை எழுதி வைக்கும் வழக்கம் இருந்ததற்குக் கொங்கு நாட்டிலேயே ஒரு சான்று உள்ளது. ஈரோடு மாவட்டம் அறச்சலூரில் உள்ள கல்வெட்டில், ஐந்து வரிசையில் வரிசைக்கு ஐந்தாக மொத்தம் 25 இசை அசைகள் சதுரமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படித்தால் ஒரே கோவை கிடைக்கும். இதனை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் எனக் கல்வெட்டே கூறுகின்றது. இதன் காலத்தை அறிஞர்கள் கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கின்றனர்.

பசியும் பரிசும்

பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை தவிர்த்த நான்கும் இசைவாணர் அல்லது கூத்தரை நோக்கியவை. பரிசு பெற்ற ஒருவர், பசியோடு வரும் மற்றொருவரைத் தமக்கு உதவிய வள்ளலிடம் செல்லுமாறு வழிகாட்டுவது ஆற்றுப்படை. எந்த ஊரில் எந்த வள்ளல் உள்ளான், எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்ற செய்தி பாணரிடையே இவ்வாறு பரவியதாக இந்நூல்கள் காட்டுகின்றன.

பசி இப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. புறநானூற்றின் 64ஆம் பாடலில், யாழையும் ஆகுளியையும் பதலையையும் எடுத்துக்கொண்டு பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைக் காணச் செல்வோம், நீர்த்த கஞ்சியைக் கைவிட்டு வரலாம் என்று விறலி அழைக்கப்படுகிறாள்.

ஓரியைப் பற்றிய 153ஆம் பாடல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. இதனையும் வன்பரணரே பாடியுள்ளார். ஓரியைக் காணச் சென்ற சுற்றத்தினர் மணி பதித்த பொற்குவளைப் பூக்களை வெள்ளி நாரில் தொடுத்த மாலையும், அணிகலன்களும், யானைகளும் பெற்றனர். பசி நீங்கியதாலோ என்னவோ, இன்னியம் ஒலிக்க ஆடவும் மாட்டாதவராய், பாடலையும் மறந்துவிட்டனர் என்று பாடல் முடிகின்றது. புரவலனின் கொடையை உயர்த்திக் கூறும் நயமாகவே இது கொள்ளப்படுகின்றது. எனினும் பல்லியத்தைப் பசியே நடத்திச் சென்றது என்ற நிலையும் இதில் வெளிப்படுகின்றது.

எல்லோருக்கும் எப்போதும் பரிசு கிடைக்கவில்லை. கழைதின் யானையார் என்னும் புலவர் ஓரியிடம் சென்று பரிசு பெறாது திரும்பிய நிலையில் பாடியது 204ஆம் பாடல். இரப்பதும் இழிவு, இரப்பவருக்கு இல்லை என்பது அதனினும் இழிவு என்பது அதன் கருத்து. ஆயினும் அவர் ஓரியைக் குறை கூறவில்லை. தாம் புறப்பட்ட வேளையையும் புள் நிமித்தத்தையுமே நொந்துகொள்கிறார்.

ஓரி நிலக்கொடையும் அளித்தான். குறும்பொறை நாட்டைக் கோடியருக்கு அவன் ஈந்ததாகச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. கோடியர் என்பார் கூத்தர். ஒரு வேளை உணவும் ஒரு முறை பரிசும் அன்றி, ஆண்டுதோறும் விளையும் நிலம் கலைஞர் கூட்டத்திற்குக் கிடைத்தது என்பதால் இச்செய்தி தனித்துக் குறிப்பிடத்தக்கது.

ஓரியின் வீழ்ச்சி

முள்ளூர்த் தலைவன் மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று, கொல்லிமலையைச் சேரருக்குக் கொடுத்தான். இதனைக் கல்லாடனார் பாடிய அகநானூற்றின் 209ஆம் பாடல் கூறுகின்றது. ஓரியை வென்ற காரி அவன் ஊரின் தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணையின் 320ஆம் பாடல் குறிப்பிடுகின்றது. அதனைப் பாடியவர் கபிலர்.

காரியும் கடையெழு வள்ளல்களுள் ஒருவனே. வள்ளல் ஒருவன் மற்றொரு வள்ளலைக் கொல்வது பாணருக்கு ஒரு வாசல் அடைபடுவதாகும். சிற்றரசர்கள் மறைந்து நிலம் மூவேந்தரிடம் சேரச் சேர, நாடு சுற்றும் குழுக்களை ஆதரித்த வாசல்கள் குறைந்தன. கா. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல், இப்பாணர் மரபைக் கிரேக்கம் உள்ளிட்ட பிற நாடுகளின் வீரயுகப் பாடகர் மரபுகளோடு ஒப்பிட்டு ஆராய்கின்றது.

பல்லியத்தின் பிற பணிகள்

பல்லியம் அரசவைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அரிசில் கிழார் பாடிய புறநானூற்றின் 281ஆம் பாடலில், போரில் புண்பட்ட வீரன் வீட்டில் கிடக்கிறான். வீட்டில் இரவம், வேம்பு ஆகியவற்றின் தழைகளைச் செருகுகின்றனர். யாழோடு பல்லியம் ஒலிக்கின்றது. வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அவனைக் காக்கின்றனர். துன்பத்திலிருப்பவனுக்குத் துணையாகவும் கூட்டிசை பயன்பட்டது என்பதற்கு இது சான்றாகும்.

சிலப்பதிகாரத்தில் கூட்டிசை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் கூட்டிசை அரங்கிற்குள் வந்துவிடுகின்றது. ஆடல் ஆசான், இசை ஆசான், கவிஞர், தண்ணுமை ஆசான், குழல் ஆசான், யாழ் ஆசான் ஆகியோருக்குத் தனித்தனி இலக்கணம் கூறப்படுகின்றது. குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், தண்ணுமையைப் பின்பற்றி முழவும், முழவோடு கூடி ஆமந்திரிகையும் இசைத்ததாக வரிசை தரப்படுகின்றது. காட்டில் தலைவர் வாய்மொழியாக இட்ட கட்டளை இங்கே நூல் வழிப்பட்ட முறைமையாக மாறியிருப்பதைக் காணலாம். கருவி வாசிப்போரைக் குயிலுவர் என்பதும் இந்நூலின் வழக்கு.

இந்நூலுக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமை முழவு, நாள்முழவு, காலைமுழவு என 7 வகையாகப் பகுக்கின்றார்.

கோயிலும் பாணரும்

பக்தி இயக்கக் காலத்தில் கூட்டிசையின் இடம் கோயிலாயிற்று. திருஞானசம்பந்தரின் பாடல்களுக்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழ் வாசித்ததாகப் பெரிய புராணம் கூறுகின்றது. தேவாரத்தின் பண்களை மீட்க வேண்டியபோது, யாழ்ப்பாணர் மரபில் வந்த எருக்கத்தம்புலியூர்ப் பெண் ஒருவரே அவற்றை வகுத்துத் தந்தார் என்பது திருமுறை கண்ட புராணம் தரும் மரபுச் செய்தி. ஏட்டில் பாடல் இருந்தது. அதன் இசை பாணர் குடியில் இருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழனின் ஏற்பாடு வேறு வகையானது. திருப்பதியம் பாட 48 பேரும், உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரும் என 50 பேர் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் எனக் கல்வெட்டில் வரையறுக்கப்பட்டுள்ளது. 400 தளிச்சேரிப் பெண்டுகளும் அக்கோயிலில் குடியமர்த்தப்பட்டனர். வழியில் கண்டவனிடம் பரிசு வேண்டிய நிலை மாறி, நாள் ஊதியம் பெறும் நிலை உருவாயிற்று. ஆனால் யாழ், தூம்பு, பதலை, எல்லரி ஆகியவை காலப்போக்கில் வழக்கொழிந்தன. யாழின் இடத்தை வீணை பெற்றது. நாகசுரமும் தவிலும் கொண்ட பெரிய மேளம் பிற்காலக் கோயில் இசையின் அடையாளமாயிற்று.

கொல்லிப் பண்

தேவாரப் பண்களுள் ஒன்றின் பெயர் கொல்லி. திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் இப்பண்ணில் அமைந்தது. ஓதுவார்கள் இதனை இன்று நவரோசு இராகத்தில் பாடுகின்றனர். கொல்லிக் கௌவாணம் என்னும் பண்ணும் தேவாரத்தில் உண்டு. மலையின் பெயரும் பண்ணின் பெயரும் ஒன்றாக இருப்பது குறிப்பிடத்தக்கது.

சிம்பொனி இசைக்குழுவோடு ஒப்பீடு

ஐரோப்பிய சிம்பொனி இசைக்குழு 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. நரம்புக்கருவிகள், மரத் துளைக்கருவிகள், பித்தளைத் துளைக்கருவிகள், தட்டுக்கருவிகள் என நான்கு பிரிவுகள் கொண்டது. பல சுரங்களை ஒரே வேளையில் இணைத்து ஒலிப்பது அதன் இசையின் அடிப்படை. பல்லியத்தில் ஒரே பண்ணைப் பல கருவிகள் பின்பற்றின. தோற்கருவிகளின் பங்கு மிகுதி. பாட்டும் ஆட்டமும் அதிலிருந்து பிரிக்க இயலாதவை.

சமூகச் சிம்பொனி இசைக்குழு எனப்படுவது, வேறு தொழில் செய்வோர் ஆர்வத்தால் ஒன்றுகூடி இசைக்கும் குழு. பல்லியத்தில் இதற்கு நேர்மாறான நிலை இருந்தது. அங்கே சமூகமே இசைக்குழு, இசையே தொழில். ஆயினும் இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு. பலர் ஒன்றுகூடிப் பயிலவும் இசைக்கவும் இடமும் பொருளும் தேவை. அதனை இசை மட்டுமே ஈட்டித் தருவது அரிது.

மேற்கத்திய மரபில் இத்தகைய முயற்சிகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடைபெற்றுள்ளன. இலங்கைச் சிம்பொனி இசைக்குழு 1958-இல் கொழும்பில் தொடங்கப்பட்டது. ஏ. ஆர். ரகுமான் 2008-இல் சென்னையில் கே. எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதனைச் சார்ந்த சன்ஷைன் இசைக்குழுவில் வறிய குடும்பப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசைக்கருவிகள் கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. இளையராசாவின் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அரங்கேறியது.

மீட்டுருவாக்கமும் நினைவும்

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னரே, கொல்லிமலைப் பாணர் பற்றிய செய்தி பரவலாக அறியப்பட்டது. பழந்தமிழ் இசையைக் கணக்கிட்டு விளக்கும் முயற்சியாக ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். விபுலானந்த அடிகள் யாழ் வகைகளை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947-இல் வெளிவந்தது. அதே ஆண்டு சூலையில் அவர் மறைந்தார்.

இன்னியம் என்ற சொல்லுக்கும் புதுவாழ்வு கிடைத்தது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. மௌனகுருவின் முயற்சியால் உருவான இன்னிய அணி, விழா ஊர்வலங்களில் மேற்கத்திய பாண்டு அணிக்கு மாற்றாக, ஈழத்தமிழரின் மரபுக் கருவிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது.

கொல்லிமலையில் ஆடிப்பெருக்கை ஒட்டித் தமிழ்நாடு அரசு வல்வில் ஓரி விழாவை நடத்தி வருகின்றது. செம்மேட்டில் ஓரியின் சிலை உள்ளது. வில்லாளனாக நினைவுகூரப்படும் ஓரியின் முன் இசைத்த விறலியரின் பெயர்கள் எந்தப் பாடலிலும் இல்லை. அவர்கள் எடுத்த கருவிகளின் பெயர்கள் மட்டும், எடுத்த வரிசையிலேயே, பதிவாகியுள்ளன.

சான்றுகளின் தன்மை

இக்கட்டுரையில் ஓரி, பாணர் ஆகியோர் பற்றிய செய்திகள் இலக்கியச் சான்றுகளை அடிப்படையாகக் கொண்டவை. சங்கப் பாடல்களின் காலத்தைப் பொதுவாகக் கி.மு. 3 முதல் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை எனக் கொள்வர். புலவர்கள் பாணரின் கூற்றாகப் பாடுவதும் மரபாதலால், 152ஆம் பாடலின் நிகழ்ச்சி அவ்வாறே நடந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. ஓர் இசைக்குழு எவ்வாறு இயங்கும் என்பதை அக்காலத்தவர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகின்றது. கருவிகளின் வடிவம் பற்றிய விளக்கங்களில் பல, நச்சினார்க்கினியர் போன்ற பிற்கால உரையாசிரியர்களால் தரப்பட்டவை. பாடலுக்கும் உரைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன என்பதை மனத்திற்கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வல்வில் ஓரி
* கொல்லிமலை
* பாணர்
* யாழ்
* மலைபடுகடாம்
* கடையெழு வள்ளல்கள்
* சிம்பொனி